புராஸ்டேட் புற்றுநோய்: சிகிச்சை முடிந்த பின்னும் தொடரும் தொல்லைகள்

புராஸ்டேட் ஆண்களுக்கு மட்டுமே உள்ள சுரப்பி. சிறுநீர்ப்பைக்குக் கீழே, மலக்குடலுக்கு முன்னால், அக்ரூட் கொட்டை அளவில் இருக்கும். விந்துத் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் வேலை. சிறுநீர்க் குழாய் இந்தச் சுரப்பியின் நடுவே புகுந்துதான் கீழே இறங்குகிறது. அதற்கு நேர் கீழே சிறுநீரை அடக்கிவைக்கும் சுருக்குத் தசை இருக்கிறது. சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டினாற்போல, ஆணுறுப்பு விறைப்புக்கான நரம்புகள் நூலிழைகளாக ஓடுகின்றன. இவ்வளவும் ஓர் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் இடத்தில் நெருக்கிக்கொண்டு இருப்பதால், நோயுள்ள சுரப்பிக்குச் செய்யும் சிகிச்சை அக்கம்பக்கத்து உறுப்புகளையும் தொடாமல் போவதில்லை.

தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட புராஸ்டேட் புற்றுநோயிலிருந்து பெரும்பாலானோர் பிழைத்து நெடுங்காலம் வாழ்கிறார்கள். பிரிட்டனில் 1999 முதல் 2009 வரை ஆட்களைச் சேர்த்து நடத்தப்பட்ட புரொடெக்ட் ஆய்வில், 15 ஆண்டுகளுக்குப் பிறகும் 100 பேரில் 97 பேர் இந்தப் புற்றுநோயால் இறக்கவில்லை. ஆகவே, சிகிச்சைக்குப் பிந்திய வாழ்வு எப்படி அமைகிறது என்பது சிகிச்சையைப் போலவே முக்கியமான கேள்வி. சிறுநீர்க் கசிவு, விறைப்புக் குறைவு, மலம் கழிப்பதில் அவசரம், தீராத அசதி ஆகியவற்றை வெளியே சொல்லாமல் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்பவர்கள் ஏராளம். அப்படிப் பொறுக்கத் தேவையில்லை. இவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் உண்டு. ஒவ்வொன்றையும் தணிக்க வழியும் உண்டு.

எந்தச் சிகிச்சைக்குப் பின் எந்தத் தொல்லை

சுரப்பியை முழுவதும் அகற்றும் அறுவைச் சிகிச்சையில் பாதிப்பு முதல் நாளிலேயே உச்சத்தில் இருக்கும். பிறகு மாதங்கள் செல்லச் செல்லக் குறையும். கதிர்வீச்சு இதற்கு மாறானது. சிகிச்சையின்போது வரும் எரிச்சல் சில வாரங்களில் அடங்கிவிடலாம். ஆனால் திசுக்களுக்கு ரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்குவதால், சில தொல்லைகள் மாதங்களோ ஆண்டுகளோ கழித்துத் தலைகாட்டும். ஹார்மோன் சிகிச்சையின் விளைவு இடுப்போடு நிற்பதில்லை. எலும்பு, தசை, மனம், ரத்தச் சர்க்கரை என உடல் முழுவதிலும் தெரியும். தனக்கு நடந்தது எந்தச் சிகிச்சை என்று அறிந்துவைத்திருப்பவருக்கு, எதை எதிர்பார்க்கலாம், எவ்வளவு காலம் காத்திருக்கலாம் என்பதும் தெரிந்துவிடும்.

சிறுநீர்க் கசிவு

அறுவைக்குப் பிறகு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் சிறுநீர் ஒரு ரப்பர் குழாய் வழியாகப் பையில் சேரும். அந்தக் குழாயை எடுத்த அன்றுதான் பலருக்குக் கசிவு முதலில் தெரியவருகிறது. படுத்திருக்கும்போது அவ்வளவாகத் தெரியாது. கட்டிலைவிட்டு எழுந்து இரண்டடி வைத்ததும் வேட்டி நனையும். இருமினால், தும்மினால், தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தால் கசியும். காரணம் எளிது. முன்பு இரண்டு பூட்டுகள் இருந்தன: சிறுநீர்ப்பையின் கழுத்தில் ஒன்று, சுரப்பிக்குக் கீழே சுருக்குத் தசையில் ஒன்று. மேல்பூட்டு அறுவையோடு போய்விடுவதால் முழுப் பாரமும் கீழ்த்தசை மீது விழுகிறது.

பெரும்பாலோருக்கு இரவுக் கசிவு முதலில் நிற்கும். பகல் கசிவு பிறகு குறையும். நாள் முழுக்க வேலை செய்த தசை அலுத்துவிடுவதால் மாலையில் கசிவு கூடுவது இயல்பு. அது நிலைமை மோசமாகிறது என்பதற்கு அடையாளம் ஆகாது. புரொடெக்ட் ஆய்வில் அறுவை செய்துகொண்டவர்களில் 100க்கு 46 பேர் 6 மாதத்தில் பேட் பயன்படுத்தினர். 6 ஆண்டுகளில் அது 17 பேராகக் குறைந்தது. முன்னேற்றத்தின் பெரும்பகுதி முதல் ஓராண்டுக்குள் நிகழ்ந்துவிடும்.

கசிவுக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதைக் குறைப்பது பலரும் செய்யும் தவறு. சிறுநீர் அடர்த்தியாகிச் சிறுநீர்ப்பையை உறுத்தும், மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும். மருத்துவர் வேறு அளவு சொல்லாதவரை நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் வரை தேவை. கோடையில் அதற்கு மேலும் தேவைப்படும். குறைக்க வேண்டியவை காப்பி, டீ, மது, குளிர்பானம். இரவில் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர் குடிப்பதை முடித்துக்கொள்ளலாம்.

பேட், பெரியவர்களுக்கான டயப்பர், உறை வடிவச் சேகரிப்பான் ஆகியவை மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. ஈரமான பேட்டை நெடுநேரம் வைத்திருந்தால் தோல் வெந்துபோகும். மாற்றும்போதெல்லாம் கழுவி, ஒற்றி உலர்த்தி, வாசலின் போன்ற களிம்பைத் தடவுவது தோலைக் காக்கும். ஒரு நாளில் பயன்படுத்திய பேட்களைச் சமையலறைத் தராசில் நிறுத்து, புது பேட்களின் எடையைக் கழித்தால் கசிவின் அளவு கிடைக்கும். ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். மாதம் ஒரு முறை இப்படிக் குறித்துவந்தால், கண்ணுக்குத் தெரியாத முன்னேற்றம்கூடக் கணக்கில் தெரிந்துவிடும்.

இடுப்புத்தளப் பயிற்சி

அமெரிக்க மருத்துவர் ஆர்னால்டு கெகல் 1948இல் இந்தப் பயிற்சியைப் பற்றி எழுதினார். பிரசவத்துக்குப் பின் சிறுநீர் கசிந்த பெண்களுக்காக அவர் வகுத்த முறை இன்று ஆண்களுக்கும் முதல் மருந்தாக இருக்கிறது.

முதலில் தசையை அடையாளம் காண வேண்டும். பத்துப் பேர் நடுவே வாயு பிரியாமல் அடக்குவதுபோல ஆசனவாயை மேல்நோக்கி இழுத்து, கூடவே சிறுநீரை நிறுத்துவதுபோல முன்பக்கத்தையும் உள்ளிழுக்க வேண்டும். கண்ணாடி முன் நின்று செய்தால் ஆணுறுப்பின் அடிப்பகுதி சற்று உள்வாங்குவதும், விரைகள் லேசாக மேலேறுவதும் தெரியும். அப்படித் தெரிந்தால் தசை சரி. வயிறு இறுகினாலோ, பிட்டம் இறுகினாலோ, மூச்சு நின்றாலோ பிழை.

ஐந்து எண்ணும்வரை இறுக்கி, அதே அளவு நேரம் தளர்த்த வேண்டும். இது ஒரு முறை. இப்படிப் பத்து முறை. காலை, மதியம், இரவு என மூன்று வேளை. சில வாரங்களில் ஐந்தைப் பத்தாக உயர்த்தலாம். அதோடு சட்டென்று இறுக்கி உடனே விடும் பயிற்சியையும் பத்து முறை சேர்த்துக்கொள்ள வேண்டும். தும்மலையும் இருமலையும் தாங்குவது இதுதான். முதலில் படுத்துக்கொண்டும், பிறகு உட்கார்ந்தும், கடைசியில் நின்றும் நடந்தும் செய்யப் பழக வேண்டும். எழுவதற்கு, குனிவதற்கு, பாரம் தூக்குவதற்கு ஒரு நொடி முன்பே தசையை இறுக்கும் பழக்கம் வந்துவிட்டால், பயிற்சியின் பலன் அன்றாட வாழ்வுக்கு வந்துவிட்டது என்று பொருள். சிறுநீர் கழிக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யக் கூடாது. சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகாமல் போகும். செய்யும் முறை சரியா என்ற ஐயம் இருந்தாலும், இடுப்பில் வலி வந்தாலும் பிசியோதெரபிஸ்ட்டைப் பார்ப்பது நல்லது.

பயிற்சி போதாதபோது

ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை ஒழுங்காகப் பயிற்சி செய்தும் பேட் பேட்டாக நனைகிறது என்றால் அடுத்த படிக்குப் போகலாம். மிதமான கசிவுக்கு, சிறுநீர்க் குழாயைக் கீழிருந்து தாங்கிப் பிடிக்கும் வலைப்பட்டையைப் பொருத்துகிறார்கள். அதிகக் கசிவுக்குச் செயற்கைச் சுருக்குத் தசை உதவும். சிறுநீர்க் குழாயைச் சுற்றித் திரவம் நிறைந்த ஒரு வளையமும், விரைப்பைக்குள் ஒரு சிறு பம்பும் வைக்கப்படும். பம்பை அழுத்தினால் வளையம் தளர்ந்து சிறுநீர் வெளியேறும். சில நிமிடங்களில் வளையம் தானாகவே இறுகிக்கொள்ளும். செலவு அதிகம், சில ஆண்டுகள் கழித்துப் பழுதும் வரலாம் என்றாலும், வீட்டைவிட்டு வெளியே வரவே தயங்கியவர்களுக்கு இது வாழ்வை மீட்டுத் தந்திருக்கிறது.

எரிச்சலும் அடைப்பும்

எல்லாக் கசிவும் தசை பலவீனத்தால் வருவதில்லை. திடீரென்று முட்டிக்கொண்டு, கழிப்பறைக்குப் போவதற்குள் கசிந்துவிட்டால் அது சிறுநீர்ப்பையின் அவசரம். கதிர்வீச்சுக்குப் பிறகு இது சாதாரணம். சிறுநீர்ப்பையை அமைதிப்படுத்தும் மாத்திரைகள் உண்டு. அவசரம் வந்ததும் ஓடாமல், நின்று தசையை இறுக்கி, அலை தணிந்த பின் நடந்து போகப் பழகுவதும், கழிக்கும் இடைவெளியைச் சிறிது சிறிதாக நீட்டுவதும் பலன் தரும்.

சிறுநீர் நூல்போல மெல்லியதாக வந்தாலோ, முக்கி முக்கிப் போக வேண்டியிருந்தாலோ, அறுவை செய்த இடத்தில் தழும்பு சுருங்கிப் பாதையை அடைத்திருக்கலாம். இந்த அடைப்பிலும் சிறுநீர் நிரம்பி வழிந்து கசியும். பார்வைக்கு ஒரே கசிவுதான். வைத்தியம் முற்றிலும் வேறு. அதனால்தான் கசிவு எப்போது, எப்படி வருகிறது என்று சொல்வது மருத்துவருக்கு அவ்வளவு பயன்படுகிறது. சிறுநீரில் ரத்தம் தெரிந்தால், கதிர்வீச்சின் விளைவு என்று தானே முடிவு செய்துவிடாமல் பரிசோதித்துக்கொள்ள வேண்டும்.

குடல் தொல்லைகள்

மலக்குடலின் முன்சுவர் புராஸ்டேட்டை ஒட்டியே இருப்பதால் கதிர்வீச்சின் ஒரு பங்கு அதன் மீதும் படுகிறது. அடிக்கடி மலம் கழித்தல், அவசரம், சளி போதல், போன பிறகும் போகாத உணர்வு ஆகியவை சிகிச்சைக் காலத்தில் வந்து பெரும்பாலும் தணிந்துவிடும். சிலருக்கு ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுக்குள் மலத்தோடு ரத்தம் போகத் தொடங்கும். மூலம் என்று நினைத்துக் கைமருந்து தேடுவது ஆபத்து. குடலில் வேறு நோய் இல்லை என்று உறுதிசெய்வது முதல் வேலை. உள்நோக்குக் கருவியால் சோதிக்கும் மருத்துவரிடம் கதிர்வீச்சு பெற்றதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த இடத்தில் சதைத் துணுக்கு எடுத்தால் புண் ஆறாமல் போகக்கூடும்.

லேசான ரத்தக் கசிவு தானாகவே நின்றுவிடுவதும் உண்டு. தொடர்ந்தால் சுக்ரால்ஃபேட் என்ற மருந்தை எனிமாவாகச் செலுத்துவார்கள். கசியும் நுண்குழாய்களை ஆர்கான் வாயுக் கருவியால் சுட்டு அடைப்பதும் உண்டு. வயிற்றுப்போக்கு இருக்கும் நாள்களில் காரம், எண்ணெய்ப் பலகாரம், பால் ஆகியவற்றைக் குறைத்துக் குழைந்த சோறு, மோர், வாழைப்பழம் என்று சாப்பிடலாம். மலம் இறுகினால் இசப்கோல் உதவும்.

தாம்பத்தியம்

விறைப்புக் குறைவு மிகப் பரவலான தொல்லை. மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இதுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் 1982இல் விறைப்பு நரம்புகளைக் காத்தபடி சுரப்பியை அகற்றும் அறுவையைச் செய்து காட்டினார். அதன் பிறகு நிலைமை மேம்பட்டது. ஆனால் காப்பாற்றப்பட்ட நரம்பும் இழுபட்டு, அதிர்ந்து, விழித்தெழ நாளாகும். ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் ஆகலாம். புரொடெக்ட் ஆய்வில் சிகிச்சைக்கு முன் 100க்கு 67 பேருக்கு உறவுக்குப் போதிய விறைப்பு இருந்தது. 6 மாதத்தில் அறுவை செய்தவர்களில் 12 பேருக்கும், கதிர்வீச்சு பெற்றவர்களில் 22 பேருக்கும் மட்டுமே அது இருந்தது. கதிர்வீச்சுக்குப் பிறகு குறைவு படிப்படியாக, ஆண்டுக் கணக்கில் வருவதும் உண்டு.

அறுவைக்குப் பிறகு உச்சம் இருக்கும், விந்து வெளிவராது. விந்துத் திரவத்தைச் சுரக்கும் உறுப்புகள் அகற்றப்பட்டதே காரணம். சிலருக்கு அந்த நேரத்தில் சிறிது சிறுநீர் கசியும். அதனால் தீங்கில்லை, முன்கூட்டியே சிறுநீர் கழித்துவிட்டு வருவதும் ஆணுறை அணிவதும் போதும். ஆணுறுப்பு சற்றுச் சுருங்கியதுபோலத் தோன்றுவதும் நேரும்.

சில்டெனாஃபில், தடாலாஃபில் மாத்திரைகள் நரம்பு ஓரளவேனும் மிஞ்சியிருந்தால் வேலை செய்யும். நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் நைட்ரேட் வகை மருந்தை எடுப்பவர்கள் இவற்றைத் தொடவே கூடாது. ரத்த அழுத்தம் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்கு விழுந்துவிடும். லேகியம், மூலிகை என்ற பெயரில் விற்கப்படும் சில பொருள்களில் சில்டெனாஃபில் மறைவாகக் கலக்கப்பட்டிருந்தது பல நாடுகளில் பரிசோதனையில் தெரியவந்திருக்கிறது. ஆகவே விளம்பரத்தை நம்பி வாங்குவதிலும் இதே ஆபத்து இருக்கிறது. மாத்திரை பலிக்காதவர்களுக்கு வெற்றிடக் குழாய்க் கருவி, ஆணுறுப்பில் தானே போட்டுக்கொள்ளும் ஊசி, உள்ளே பொருத்தும் செயற்கைச் சாதனம் என்று அடுத்தடுத்த வழிகள் உள்ளன. ஊசிக்குப் பின் விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கணவர் கூச்சத்தால் விலகிப் படுப்பதை, தன் மேல் அன்பு குறைந்துவிட்டதென்று மனைவி எடுத்துக்கொள்வது பல வீடுகளில் நடக்கிறது. இருவரும் சேர்ந்து ஒரு முறை மருத்துவரைப் பார்த்தாலே இந்தப் பாரத்தில் பாதி இறங்கிவிடும். தொடுதலும் அணைப்பும் பேச்சும் விறைப்பைக் கேட்டு வருவன அல்ல. குழந்தை வேண்டும் என்று இருப்பவர்கள் சிகிச்சை தொடங்கும் முன்பே விந்தணுவைச் சேமித்துவைப்பது பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஹார்மோன் சிகிச்சையின் விளைவுகள்

டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோனை நிறுத்தினால் பரவிய புராஸ்டேட் புற்றுநோயும் ஒடுங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸும் கிளாரன்ஸ் ஹாட்ஜஸும் 1941இல் காட்டினார்கள். அந்த வேலைக்காக ஹக்கின்ஸுக்கு 1966இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று மாதம் ஒன்றோ, மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒன்றோ போடும் ஊசியாலும், விரைகளை அகற்றும் சிறு அறுவையாலும் இது செய்யப்படுகிறது. ஊசியை நிறுத்திய பின் ஹார்மோன் திரும்ப மாதக் கணக்கில் ஆகும். முதியவர்களுக்கு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.

மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வருவதுபோலத் திடீரென உடல் அனலாகி, வியர்த்து, பிறகு குளிரும். சூடான டீ, மிளகாய்க் காரம், புழுக்கமான அறை ஆகியவை இதைக் கிளப்பும். எது கிளப்புகிறது என்று இரண்டு வாரம் குறித்துவைத்துத் தவிர்ப்பதும், பருத்தி உடை, மின்விசிறி ஆகியவையும் உதவும். தூக்கமே கெட்டால் மாத்திரை உண்டு. மார்பு வீங்கி வலிப்பது, தசை குறைந்து வயிற்றில் கொழுப்பு சேர்வது, காம உணர்வு வற்றுவது, எளிதில் கண் கலங்குவது ஆகியவையும் ஹார்மோன் குறைவின் வேலையே. முன்பு எதற்கும் அசையாத அப்பா இப்போது தொட்டதற்கெல்லாம் அழுகிறார், எரிந்து விழுகிறார் என்றால் அதற்கு உடல்ரீதியான காரணம் இருக்கிறது என்பதைக் குடும்பத்தார் அறிய வேண்டும்.

ஓசையில்லாமல் நடப்பது எலும்புத் தேய்மானம். சிகிச்சை நீண்ட காலம் தொடர்ந்தால் எலும்பு அடர்த்திப் பரிசோதனை தேவை. நாளொன்றுக்கு உணவிலும் மருந்திலுமாக மொத்தம் 1,000 முதல் 1,200 மில்லிகிராம் கால்சியம் கிடைக்க வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராமும், 200 மில்லி பாலில் சுமார் 240 மில்லிகிராமும் உண்டு. எள், முருங்கைக்கீரை, முள்ளோடு சாப்பிடும் நெத்திலி ஆகியவையும் கைகொடுக்கும். வைட்டமின் டி அளவையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எலும்பை வலுவாக்கும் ஊசி தொடங்கும் முன் பல் மருத்துவரைப் பார்த்துச் சொத்தைப் பற்களைச் சரிசெய்துவிட வேண்டும். ஊசிக்குப் பின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து சிலருக்கு உண்டு. ரத்தச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொலஸ்டிரால் ஆகியவற்றை முறையாகச் சோதிப்பது இதயத்தைக் காக்கும்.

அசதி

தூங்கி எழுந்தாலும் தீராத அசதி இது. கதிர்வீச்சு முடிந்து வாரங்கள், மாதங்கள் வரை நீடிக்கும். ஹார்மோன் சிகிச்சையில் அது தொடரும்வரை நீடிக்கலாம். ஓய்வு எடுத்தால் சரியாகும் என்று படுத்தே இருந்தால் தசை மேலும் கரைந்து அசதி கூடும். ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பலன் காட்டியது உடற்பயிற்சிதான். வாரத்தில் 150 நிமிட நடையும், இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் இலக்கு. தெருமுனைவரை ஐந்து நிமிட நடையில் தொடங்கி வாரந்தோறும் கூட்டலாம். நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார்வதும் நல்ல வலுப்பயிற்சி. ரத்தசோகை, தைராய்டு குறைவு, சர்க்கரை, மனச்சோர்வு, இரவில் சிறுநீருக்காகப் பல முறை விழிப்பது ஆகியவையும் அசதியைத் தரும் என்பதால் அவற்றையும் பார்த்துவிட வேண்டும்.

பி.எஸ்.ஏ. பரிசோதனையும் மனக்கலக்கமும்

சிகிச்சைக்குப் பின், புராஸ்டேட் செல்கள் சுரக்கும் பி.எஸ்.ஏ. என்ற புரதத்தின் அளவை ரத்தத்தில் குறிப்பிட்ட இடைவெளியில் பார்ப்பார்கள். பரிசோதனை நாள் நெருங்க நெருங்கத் தூக்கம் போவது பலருக்கும் நேர்வதே. எண்ணின் பொருள் தெரிந்தால் பயம் பாதி குறையும். சுரப்பியை அகற்றியவர்களுக்குச் சில வாரங்களில் அளவு கண்டறிய முடியாத அளவுக்கு இறங்க வேண்டும், மில்லிலிட்டருக்கு 0.2 நானோகிராம் அல்லது அதற்கு மேல் இரண்டு முறை வந்தால் நோய் திரும்பியிருக்கக்கூடும் என்று மேற்கொண்டு ஆராய்வார்கள். கதிர்வீச்சு பெற்றவர்களுக்குச் சுரப்பி உள்ளேயே இருப்பதால் அளவு மெல்லத்தான் இறங்கும். நடுவில் சற்று ஏறிப் பின் தானே இறங்குவதும் உண்டு. தொட்ட மிகக் குறைந்த அளவைவிட 2 நானோகிராம் கூடினால்தான் நோய் மீண்டதாகக் கணக்கிடுகிறார்கள். ஒரே ஆய்வகத்தில் பரிசோதிப்பது ஒப்பிட உதவும். கசிவோ எரிச்சலோ அசதியோ தொடர்வது மட்டும் நோய் திரும்பியதற்கு அடையாளம் ஆகாது.

இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் நாட்டமின்மை, தூக்கமின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை இருந்தால் மனநல மருத்துவரின் உதவியும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியவை

சிறுநீர் அறவே வராமல் அடைத்துக்கொள்வது, சிறுநீரில் ரத்தக் கட்டிகள், குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், நிற்காத குடல் ரத்தப்போக்கு, ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலிப்பது, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல். நாளுக்கு நாள் கூடி, இரவிலும் எழுப்பும் முதுகுவலியோடு கால்கள் வலுவிழந்தாலோ மரத்துப்போனாலோ, மலமும் சிறுநீரும் கட்டுப்பாடின்றிப் போனாலோ தண்டுவடம் அழுத்தப்படுகிறது என்று பொருளாக இருக்கலாம். இதில் மணிக்கணக்குத் தாமதமும் நடக்கும் திறனைப் பறித்துவிடும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது

மருத்துவரோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்களே. மூன்று நாள் குறிப்பு இருந்தால் அந்த நிமிடங்கள் வீணாகா: எத்தனை மணிக்குச் சிறுநீர் கழித்தது, எவ்வளவு, கசிந்தபோது செய்துகொண்டிருந்த வேலை என்ன, எத்தனை பேட், மலம் எத்தனை முறை, என்னென்ன மருந்து. பழைய பி.எஸ்.ஏ. முடிவுகளையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஒரே கோப்பில் வைத்திருக்க வேண்டும். கேட்கக் கூச்சப்படும் கேள்வியை அந்தக் காகிதத்தின் முதல் வரியில் எழுதிவிடுவது நல்லது. கடைசி வரியில் எழுதிய கேள்வி பெரும்பாலும் கேட்கப்படாமலே வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகிறது.